செத்தவர்கள் மேல் போடும் பழி

"யாரு போகச் சொன்னது?" நெரிசலில் ஆட்கள் இறந்த செய்தி வந்த அரை மணி நேரத்துக்குள் நம் ஊரில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. 2025 செப்டம்பர் 27 இரவு கரூர் வேலுச்சாமிபுரத்தில் நடந்த அரசியல் பிரசாரக் கூட்டத்தில் 41 பேர் உயிரிழந்தார்கள். உடல்கள் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் தீர்ப்பு வந்துவிட்டது. "கைக்குழந்தையைத் தூக்கிட்டு எதுக்குப் போகணும்?" "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாது." "வெளிநாட்டுல இப்படியா நடக்குது?" இப்படிச் சொன்னவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு, எந்தக் கட்சியிலும் சேராதவர்களும் உண்டு. இறந்தவர்களுக்காக உண்மையிலேயே கண் கலங்கியவர்களும் இதைச் சொன்னார்கள். இந்தக் கருத்து இவ்வளவு பரவலாக, இவ்வளவு மரியாதையோடு உலவுவதால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

மறுப்பதற்கு முன் அந்தத் தரப்பை அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிடுகிறேன். பெரிய கூட்டம் கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே போகிறவர் ஓர் ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் போகிறார். போன இடத்தில் மரத்தில் ஏறுகிறார்கள், தகரக் கூரையில் நிற்கிறார்கள், வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள், "பின்னால் போங்க" என்றால் கேட்பதில்லை. லட்சம் பேர் தள்ளினால் ஆயிரம் போலீஸ்காரர்களால் என்ன செய்ய முடியும்? வரிசையில் நிற்கக்கூடத் தெரியாத சமூகத்தில் எந்த ஏற்பாடும் பலிக்காது. ஆகவே முதலில் திருந்த வேண்டியது மக்கள். அரசும் அமைப்பாளர்களும் அதற்கு அடுத்துத்தான். இதுதான் வாதம். இதில் முட்டாள்தனமாக எதுவும் இல்லை. நடிகர் மீதும் தலைவர் மீதும் சாமியார் மீதும் கொண்ட வழிபாட்டைப் பற்றி இந்தத் தரப்புக்கு இருக்கும் கவலை எனக்கும் உண்டு. ஆனால் 41 பேர் எப்படிச் செத்தார்கள் என்பதற்கு இது விடை இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரூர் வழக்கை உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சிபிஐ விசாரித்துவருகிறது. அதில் யார் குற்றவாளி என்று நான் இங்கே தீர்ப்பெழுதப் போவதில்லை. என் வழக்கு முழுவதும், இறந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பழக்கத்தோடுதான்.

1. நெரிசலில் ஒருவர் எப்படிச் சாகிறார் என்று தெரியாமலே இந்தத் தீர்ப்பு வழங்கப்படுகிறது.

மிதிபட்டுச் செத்தார்கள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். யாரோ ஓடினார்கள், யாரோ விழுந்தார்கள், விழுந்தவரை மற்றவர்கள் மிதித்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு காட்சி மனதில் இருக்கிறது. பெரும்பாலான நெரிசல் சாவுகள் அப்படி நடப்பதில்லை. மூச்சு விட நெஞ்சு விரிய வேண்டும். முன்னாலும் பின்னாலும் மனித உடல்கள் இறுக்கும்போது நெஞ்சு விரிய இடமில்லை. வெளியே விட்ட மூச்சைத் திரும்ப இழுக்க முடியாது. சில நிமிடங்களில் நினைவு தப்புகிறது. பிறகு உயிர் போகிறது. பலர் நின்றபடியே இறக்கிறார்கள்; சுற்றிலும் இருக்கும் உடல்கள் அவர்களைக் கீழே விழக்கூட விடுவதில்லை. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு எஃகுத் தடுப்புக் கம்பிகள் வளைந்து கிடந்ததைப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். எஃகை வளைத்த அந்த விசையை உண்டாக்கியவர் என்று எந்தத் தனி மனிதரையும் காட்ட முடியாது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவர்மேல் ஒருவர் லேசாகச் சாய்ந்ததன் கூட்டுத்தொகை அது.

வீட்டு வாசலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டுப் பாருங்கள். அதற்குள் 4 பேர் நிற்கலாம். நெருக்கமாக இருக்கும், ஆனால் நகர முடியும். 5 பேர் ஆனால் தோளோடு தோள் உரசும். 7 பேரை நெருங்கும்போது கூட்டம் கிட்டத்தட்ட திரவம்போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது என்று அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். ஓர் இடத்தில் ஏற்படும் தள்ளல் அலையாகப் பரவும். ஆட்களைத் தரையிலிருந்து தூக்கி மீட்டர்க்கணக்கில் நகர்த்தும். ஸ்பெயினில் பாம்ப்லோனா நகரத் திருவிழாவின் தொடக்க நாளில் சதுக்கத்தில் திரளும் கூட்டத்தைப் பல ஆண்டுகள் படமெடுத்து ஆராய்ந்தவர்கள் 2025இல் நேச்சர் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அடர்த்தி ஓர் எல்லையைத் தாண்டியதும் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து வட்டமாக ஊசலாடத் தொடங்குகிறார்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 18 விநாடி. யாரும் வேண்டுமென்று அப்படி ஆடவில்லை. யாராலும் நிறுத்தவும் முடியவில்லை.

இந்த நிலையில் ஒழுக்கம் என்றால் என்ன என்று கேட்கிறேன். அந்தக் கட்டத்துக்குள் 7ஆவது ஆளாக நிற்கும் பெண் மகா ஒழுக்கசாலியாக இருந்தால் எதைச் செய்வார்? கையை உயர்த்த முடியாது. திரும்ப முடியாது. உட்கார முடியாது. உரக்கக் கத்துவதற்கே மூச்சு வேண்டும். அவருக்கு 30 மீட்டர் பின்னால் நிற்பவருக்கோ முன்னால் நடப்பது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிவது எதிரில் உள்ளவரின் முதுகு மட்டும். அந்த முதுகு கொஞ்சம் முன்னே நகர்ந்தால் இவரும் ஓர் அடி வைப்பார். அந்த ஓர் அடியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கோயில் வரிசையில் நாம் எல்லோரும் வைக்கும் அதே அடிதான். முன்னால் ஒருவர் மூச்சுக்குத் திணறுகிறார் என்ற செய்தி பின்வரிசைக்குப் போய்ச் சேர வழியே கிடையாது. உயரத்தில் நின்று பார்ப்பவருக்கும், கேமரா வைத்திருப்பவருக்கும், ஒலிபெருக்கி கையில் இருப்பவருக்கும்தான் அது தெரியும். கூட்டத்துக்குள் இருப்பவரிடம் இல்லாத தகவலுக்காகக் கூட்டத்தையே குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

மரத்தில் ஏறியவர்கள், கூரையில் நின்றவர்கள்? அவர்கள் தவறு செய்தவர்கள்தான், தங்கள் உயிரையும் அடுத்தவர் உயிரையும் ஆபத்தில் வைத்தவர்கள்தான். ஆனால் தமிழ்நாட்டில் எந்தப் பெரிய கூட்டத்திலும் இளைஞர்கள் மரத்தில் ஏறுவார்கள் என்பது ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் ஒவ்வொரு பந்தல்காரருக்கும் தெரிந்த சங்கதி. முன்கூட்டியே தெரிந்த ஒன்றை எதிர்பாராத நடத்தை என்று சொல்ல முடியாது. மேலும், கூரையில் ஏறியவர் வேறு, கீழே மூச்சு முட்டி இறந்தவர் வேறு. முதலாமவரின் குற்றத்துக்கு இரண்டாமவரைத் திட்டுகிறோம்.

2. "வெளிநாட்டில் இப்படி நடக்காது" என்பது பொய்.

ஒழுங்குக்குப் பெயர்போன ஜப்பானை எடுத்துக்கொள்வோம். 2001 ஜூலை 21, அகாஷி நகரில் வாணவேடிக்கை. கடற்கரையையும் ரயில் நிலையத்தையும் இணைக்கும் நடைபாலத்தில் வருகிறவர்களும் போகிறவர்களும் எதிரெதிரே மோதினார்கள். 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் குழந்தைகள். அங்கே நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் குழந்தைகளை அழைத்துவந்த பெற்றோர் அல்லர். காவல் அதிகாரி, நகராட்சி அலுவலர்கள், பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஆகியோரே. ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரில் 2010 ஜூலை 24 அன்று லவ் பரேட் இசை விழாவில் 21 பேர் இறந்தார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் சுரங்கப் பாதையோடு சேர்ந்த ஒரே சரிவுப் பாதையை வைத்திருந்தார்கள். தென்கொரியத் தலைநகர் சியோலில் 2022 அக்டோபர் 29 அன்று இதேவோன் பகுதியில் ஏற்பட்ட நெரிசலுக்கு 159 பேரை இழந்தார்கள். ஜப்பானியரும் ஜெர்மானியரும் கொரியரும் வரிசையில் நிற்கத் தெரியாதவர்களா?

நம் ஊரிலிருந்தே ஒரு சான்று. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தில் ஏறத்தாழ 50 பேர் நெரிசலில் இறந்தார்கள். 2016இல் அதே குளத்துக்கு அதே மக்கள், அதே பக்தியோடு வந்தார்கள். இந்த முறை பக்தர்கள் நீராடுவது பத்து நாட்களுக்குப் பரவியது; வரும் வழியும் போகும் வழியும் பிரிக்கப்பட்டன. 1992இல் நடந்தது திரும்ப நடக்கவில்லை. 24 ஆண்டுகளில் தமிழர்களின் ரத்தத்தில் திடீரென்று ஒழுக்கம் ஊறிவிட்டதா? மாறியது ஏற்பாடு. மெக்காவுக்கு அருகே மினாவில் 2006 ஜனவரியில் ஜமராத் பாலத்தில் 340க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகள் இறந்த பிறகு பழைய பாலத்தை இடித்துப் பல அடுக்குகளாக, ஒருவழிப் பாதையாகக் கட்டினார்கள். அந்தப் பாலத்தில் அதன்பின் அப்படியொரு பேரிழப்பு இல்லை. ஆனால் பாலத்தை மட்டும் சரிசெய்தால் போதாது என்பதும் உண்மை. 2015 செப்டம்பரில் அங்கே போகும் தெருக்களின் சந்திப்பில் நெரிசல் ஏற்பட்டது. அரசுக் கணக்கின்படியே 769 பேர் இறந்தார்கள். பக்தர்கள் மாறவில்லை. திட்டமிட்ட இடத்தில் உயிர் தப்பினார்கள், திட்டமிடாத இடத்தில் இறந்தார்கள்.

கூட்டமாகச் சேர்ந்தால் மனிதன் புத்தி கெட்டுவிடுவான் என்று பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ போன் 1895இல் எழுதினார். உழைக்கும் மக்கள் தெருவில் திரளுவதைக் கண்டு அஞ்சிய காலத்துப் புத்தகம் அது. அதன் வாசகம்தான் இன்றும் நம் நாக்கில் இருக்கிறது. ஆனால் பேரிடர்களில் பிழைத்தவர்களை நேரில் கேட்டு ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. 2005 ஜூலையில் லண்டன் சுரங்க ரயில்களில் குண்டு வெடித்தபோது இருட்டில் சிக்கியவர்களிடம் ஜான் ட்ரூரியும் அவர் சகாக்களும் பேசினார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுத்ததையும், காயத்துக்குக் கட்டுப் போட்டதையும், வரிசையாக வெளியேறியதையும்தான் அவர்கள் சொன்னார்கள். நம்மிடமும் இது உண்டு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, யாரும் கேட்காமலே படகோடு வந்த மீனவர்களை இதே கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிட முடியுமா? வெள்ளத்தில் காப்பாற்றினால் மனிதநேயம், நெரிசலில் செத்தால் காட்டுமிராண்டித்தனம் என்று ஒரே மக்களுக்கு இரண்டு பெயர் வைக்கிறோம்.

3. "ஏன் போனார்கள்?" என்ற கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை.

2017 செப்டம்பர் 29 காலை மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தில், மழைக்கு ஒதுங்கியவர்களும் ரயிலிலிருந்து இறங்கியவர்களும் ஒரு குறுகிய நடைபாலத்தில் நெருக்குண்டு 23 பேர் இறந்தார்கள். ஏன் போனார்கள்? வேலைக்கு. 2025 பிப்ரவரி 15 இரவு புது டெல்லி ரயில் நிலையத்தில் 18 பேர். ரயிலைப் பிடிக்கப் போனார்கள். 2005 டிசம்பர் 18 விடியற்காலை சென்னை எம்.ஜி.ஆர். நகரில் பள்ளிக்கூட வாசலில் 42 பேர். அவர்கள் போனது வெள்ள நிவாரண டோக்கனுக்காக. மழை வீட்டுக்குள் புகுந்து அரிசியும் பாயும் போன குடும்பங்கள், அரசே வந்து வாங்கிக்கொள் என்று சொன்ன இடத்துக்குப் போனார்கள். அன்றோடு டோக்கன் முடிந்துவிடும் என்ற வதந்தியை நம்பி இரவோடு இரவாக நின்றார்கள். அவர்களைப் பற்றியும் "இலவசம்னா ஓடுவாங்க" என்று சொன்னவர்கள் உண்டு. கேளிக்கைக்குப் போனால் ஏன் போனாய் என்கிறார்கள். பிழைப்புக்குப் போனால் பேராசை என்கிறார்கள். எதற்குப் போனாலும் குற்றம் என்றால், ஆட்சேபம் போனதைப் பற்றியது அல்ல. போனவர் யார் என்பதைப் பற்றியது.

விமானம் விழுந்தால் ஏன் விமானத்தில் ஏறினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கறுப்புப் பெட்டியைத் தேடுகிறோம், பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்கிறோம், நிபுணர்களை அழைக்கிறோம். டிக்கெட் வாங்க வசதி இருப்பவர் செத்தால் அது விசாரிக்க வேண்டிய விபத்து. வேனிலும் டவுன் பஸ்ஸிலும் வந்து இறங்கியவர் செத்தால் அது அவர் குணக்கேடு.

கரூரின் கைக்குழந்தை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் ஆக அதிகமாகச் சொல்லப்பட்டது, ஆகக் கொடுமையாகவும் சொல்லப்பட்டது. குழந்தையை எங்கே விட்டுவிட்டு வர வேண்டும்? ஆயா வைத்துக்கொள்ளும் வீடுகளா அவை? தேருக்கும் சந்தைக்கும் வயல் வேலைக்கும் கல்யாணத்துக்கும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிற பெண்கள், நாலு தெரு தள்ளி நடக்கும் கூட்டத்துக்கும் அப்படித்தான் வந்தார்கள். பகலில் வருவார் என்று அறிவித்த பேச்சாளர் வந்து சேர இரவாகிவிட்டது. காலையிலிருந்து காத்திருந்தவர்களோடு மாலையில் வந்தவர்களும் சேர்ந்தார்கள். நண்பகலில் பாதுகாப்பாக இருந்த அதே தெரு இரவில் பாதுகாப்பாக இல்லை. இதை அந்தத் தாய் எப்படி அறிவார்? ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட வேண்டியவள் அவளா? பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் நீதான் கொன்றாய் என்று சொல்லாமல் சொல்வதற்கு நமக்கு யார் உரிமை கொடுத்தது?

பொதுக்கூட்டத்துக்குப் போவது குடிமக்களின் உரிமை என்பதையும் மறந்துவிட வேண்டாம். மேடைப் பேச்சைக் கேட்டே அரசியல் கற்ற மாநிலம் இது. கடற்கரையிலும் மைதானத்திலும் திரண்ட மக்கள் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த இயக்கமும் வளரவில்லை. சாதாரண மக்கள் ஒரு தலைவரை நேரில் பார்த்து, இவர் நமக்கு ஆவாரா மாட்டாரா என்று எடைபோட வேறு இடம் கிடையாது. அந்த இடத்தையே ஆபத்தான பொழுதுபோக்கு என்று சொல்லி வீட்டுக்குள் இருங்கள் என்கிறவர்கள், தாங்கள் எதைக் கேட்கிறோம் என்று யோசித்துத்தான் கேட்கிறார்களா?

4. "லட்சம் பேரைப் போலீஸ் என்ன செய்ய முடியும்?"

லட்சம் பேர் திரண்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அதற்கு முன் செய்ய வேண்டும். நெரிசலைத் தடுக்கும் வேலை முழுவதும் நெரிசலுக்கு முன்னால் முடிந்துவிடுகிற வேலை: இடத்தின் பரப்பு, வாசல்களின் அகலம், வருகிற வழியும் போகிற வழியும், எத்தனை பேருக்குமேல் உள்ளே விடக்கூடாது, விடக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பெருங்கூட்டங்களுக்கான வழிகாட்டியை 2014லேயே வெளியிட்டிருக்கிறது. இது ராக்கெட் விடும் வித்தை அல்ல, கூட்டலும் வகுத்தலும்.

2024 ஜூலை 2 அன்று உத்தரப் பிரதேசம் ஹாத்ரஸில் ஒரு சாமியாரின் கூட்டத்தில் 121 பேர் இறந்தார்கள். அனுமதி 80,000 பேருக்கு. வந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்று காவல் துறையே வழக்குப் பதிவில் எழுதியது. 80,001ஆவது ஆள் உள்ளே வந்தபோது அதைக் கவனிக்க வேண்டியவர் யார்? 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானம் 35,000 பேருக்கு மேல் கொள்ளாது என்று தெரிந்தும் ஒரே நாள் இடைவெளியில் கிரிக்கெட் அணியின் வெற்றி விழா அறிவிக்கப்பட்டது. லட்சக்கணக்கானவர்கள் வாசல்களில் குவிந்தார்கள். 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அழைத்தவர்களுக்கு எண்ணத் தெரியவில்லை, வந்தவர்களுக்கு ஒழுக்கமில்லை என்று பட்டம்.

இதேவோனில் கூட்டமே எச்சரித்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு முன்பிருந்தே, மாலை 6.34 தொடங்கி, அவசர எண்ணுக்கு 11 அழைப்புகள் வந்தன. இங்கே நசுங்கிச் சாகப்போகிறார்கள், யாராவது வந்து ஒழுங்குபடுத்துங்கள் என்று அந்தச் சந்தில் நின்ற சாதாரண மனிதர்கள் கெஞ்சினார்கள். கூட்டத்துக்குப் பொறுப்பு இருந்தது. அறிவும் இருந்தது. சொல்லியும் வரவேண்டியவர்கள் வரவில்லை.

5. இந்தப் பழி வெறும் வாய்ச்சொல் அல்ல. அது ஆட்களைக் கொல்கிறது.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்து ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். ரசிகர்கள் என்றாலே ரவுடிகள் என்ற எண்ணம் அன்றைய பிரிட்டனில் ஊறிக் கிடந்தது. அந்த எண்ணம்தான் நின்று பார்க்கும் பகுதியைச் சுற்றி உயரமான கம்பி வேலியை எழுப்பியது. வெளியே கூட்டம் நெருக்கியதால் காவல் துறையின் உத்தரவின்பேரில் ஒரு வாசலைத் திறந்தார்கள்; ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கொட்டடிகளுக்குப் போகும் சுரங்கப் பாதையை மூடவில்லை. வேலியில் முகம் அழுந்திச் செத்துக்கொண்டிருந்தவர்களைக் கலவரக்காரர்கள் என்று முதலில் நினைத்த காவலர்கள் மைதானத்துக்குள் ஏறவிடாமல் தடுத்தார்கள். விளம்பரப் பலகையைப் பிய்த்து ஸ்ட்ரெச்சராக்கி, விழுந்தவர்களைச் சுமந்து ஓடியவர்கள் அந்த ‘ரவுடி’ ரசிகர்கள். மறுபக்கம் மைதானத்தின் குறுக்கே போலீஸ் வரிசை நின்றுகொண்டிருந்தது, சண்டை மூளாமல் பார்த்துக்கொள்ள.

இறந்தவர்கள் 97 பேர். ஆக இளையவனுக்கு வயது 10. குழந்தைகள் உட்பட இறந்தவர்களின் ரத்தத்தை எடுத்து, அவர்கள் மது குடித்திருந்தார்களா என்று சோதித்தார்கள். ரசிகர்களே வாசலை உடைத்தார்கள் என்று காவல் துறைத் தலைமை பொய் சொன்னது. நான்கு நாள் கழித்து தி சன் நாளிதழ் ரசிகர்கள் மேலான பழிகளை ‘உண்மை’ என்று தலைப்பிட்டு முதல் பக்கத்தில் போட்டது. காவல் துறையின் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என்று நீதிபதி டெய்லர் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே எழுதிவிட்டார். ஆனாலும் பழி போகவில்லை. 164 காவலர்களின் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன என்பது 2012இல் வெளியே வந்தது. ரசிகர்கள் மேல் தவறில்லை, இவை சட்டவிரோதக் கொலைகள் என்று ஜூரி சொன்னது 2016 ஏப்ரலில். 27 ஆண்டுகள்! பிள்ளையைப் புதைத்த பெற்றோர் பலர் அந்தத் தீர்ப்பைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

சியோலில் அந்த 159 பேரில் ஒருவன் பள்ளி மாணவன். அவன் அந்தச் சந்திலிருந்து உயிரோடு வந்தவன். நண்பர்களை அங்கே இழந்தவன். "கூத்தடிக்கப் போய்ச் செத்தார்கள்" என்ற வகைப் பேச்சு அவனை எவ்வளவு புண்படுத்தியது என்று அவன் தாய் பிறகு சொன்னார். அந்த டிசம்பரில் அவன் தன்னையே மாய்த்துக்கொண்டான். அரசு அவனையும் பலியானவர் கணக்கில் சேர்த்தது. "ஏன் போனாங்க?" என்று தட்டச்சு செய்யும் விரல்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்மிடத்தில் இந்தப் பழி வேறொரு வேலையும் செய்கிறது, விசாரணையைப் பயனற்றதாக்குகிறது. மக்கள்தான் காரணம் என்று ஊரே ஒப்புக்கொண்ட பிறகு ஆணைய அறிக்கையை யார் கேட்கப்போகிறார்கள்? இழப்பீட்டுத் தொகை அறிவிக்கப்படும், ஆறுதல் படங்கள் வரும், கட்சிகள் ஒன்றையொன்று சதி என்று ஏசும், கோப்பு மூடப்படும். சதிக் கதையும் ஒழுக்கக் கதையும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தாலும் வாசலின் அகலத்தைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க இரண்டும் உதவுகின்றன.

இதற்கு நாம் கொடுத்த விலையை எண்ணிச் சொல்ல முடியும். 2005 நவம்பர் 6 அன்று சென்னை வியாசர்பாடியில் வெள்ள நிவாரணம் வாங்கப் போன 6 பேர் நெரிசலில் இறந்தார்கள். எச்சரிக்கை அதைவிடத் தெளிவாக இருக்க முடியாது: அதே நகரம், அதே மழைக்காலம், அதே நிவாரணம், அதே முறை. முண்டியடித்தார்கள் என்று சொல்லி நகர்ந்துவிட்டோம். ஆறு வாரம் கழித்து எம்.ஜி.ஆர். நகரில் 42 பேர். அந்த ஆறு வாரத்தில் மக்களுக்கு ஒழுக்கம் போதிக்க முடியாது. டோக்கனைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க முடியும்.

ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வரிசையில் நிற்கச் சொல்லித் தருவோம். திரைப்பட முகத்தைப் பார்க்க உயிரைப் பணயம் வைக்காதே என்று இளைஞர்களிடம் சொல்வோம். அதைச் சொல்ல வேண்டியது சாவு விழாத நாளில், பள்ளியில், வீட்டில், மன்றத்தில். பிணத்தின் முன் நின்று சொல்வது பாடம் அல்ல.

வாசகரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த நெரிசல் செய்தி வரும்போது, நம் நாட்டில் அது வராமல் போகாது, "ஏன் போனார்கள்?" என்று கேட்கும் முன் வேறு சில கேள்விகளைக் கேளுங்கள். அந்த இடம் எத்தனை சதுர மீட்டர்? எத்தனை பேருக்கு அனுமதி, அந்தத் தாளில் கையெழுத்திட்டவர் யார்? வெளியே போகும் வழிகள் எத்தனை, அவை திறந்திருந்தனவா? ஆம்புலன்ஸ் உள்ளே வர இடம் விட்டிருந்தார்களா? நிலைமை கைமீறுகிறது என்று முதலில் சொன்னவர் யார், எத்தனை மணிக்கு, யாரிடம்? இந்தக் கேள்விகளைக் குடும்ப வாட்ஸ்அப்பிலும் கேளுங்கள், உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள், ஆணைய அறிக்கை சபையில் வைக்கப்படும்வரை கேளுங்கள். பதில் சொல்லும் நிலையில் இருப்பவர்களைக் கேளுங்கள், செத்தவர்களை விட்டுவிடுங்கள்.